லேவியராகமத்தில் நின்றுவிட்டேன், டீச்சர்!

வேத வாசிப்பு, ஜெபம் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுக்குப் பதில் சொல்பவர், தரங்கம்பாடி பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் வேதம் வாசிக்க அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள்.

கேள்வி: காலை நாலு மணிக்கு எழுந்தால் ராத்திரி வரை வேலை சரியாக இருக்கிறது. நடவு, களையெடுப்பு நாட்களில் கேட்கவே வேண்டாம். தினமும் வேதம் வாசிக்காதவள் விசுவாசியே இல்லை என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் சொன்னதிலிருந்து மனசு உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் என்னால் வேதத்தைத் தொட முடிகிறது. அது போதுமா?
ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

முதலில் அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள் அம்மா. இடுப்பொடிய நாற்று நட்டுவிட்டு வந்தவரைப் பார்த்து அப்படிப் பேசியவர் ஒரு நாள் வயலில் இறங்கிப் பார்க்கட்டும்.

வாரம் ஒருமுறை வாசிப்பது மிகப் பழைய வழக்கம். இயேசு நாசரேத்தில் ஓய்வுநாளன்று தமது வழக்கப்படி ஜெப ஆலயத்துக்குப் போய், வாசிக்க எழுந்து நின்றார் என்று லூக்கா 4-ம் அதிகாரத்தில் இருக்கிறது. மோசேயின் ஆகமங்கள் ஓய்வுநாள்தோறும் வாசிக்கப்பட்டதை அப்போஸ்தலர் 15:21 சொல்கிறது. யூதர்கள் இன்றைக்கும் அந்த ஐந்து ஆகமங்களை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வாசிக்கிறார்கள், ஒரு வருஷத்தில் முடித்துவிட்டு மறுபடி ஆதியாகமத்துக்கு வருகிறார்கள். வீட்டுக்கு வீடு வேதப்புத்தகம் என்பதே அச்சு வந்த பிறகு கிடைத்த வசதி. எங்கள் தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, இங்கேயே அச்சுக்கூடம் போட்டு, அச்சடித்து முடிக்க 1715 ஆகிவிட்டது. அச்சு வருவதற்கு முந்தின காலத்தில் உலகம் முழுக்கப் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் கோவிலில் காதால் கேட்டதை வைத்துத்தான் விசுவாசத்தில் வளர்ந்தார்கள். அவர்களை யாரும் விசுவாசி இல்லை என்று சொல்லவில்லை.

தினமும் வாசிக்க முடிந்தவர்கள் வாசிக்கட்டும். பெரேயா பட்டணத்தார் தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டவே செய்கிறது. உங்களுக்குக் கிடைப்பது ஞாயிறு என்றால் ஞாயிறு. ஆனால் அந்த ஒரு நாளை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். கை போன இடத்தில் திறந்து, கண்ணில் பட்ட வசனத்தை வாசித்து மூடுவது வேண்டாம். ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் அதிகாரத்திலிருந்து போங்கள், வாரம் ஓர் அதிகாரம், போன வாரம் விட்ட இடத்திலிருந்து. வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகள் பாதி கேட்பார்கள், பாதி போனைப் பார்ப்பார்கள், பரவாயில்லை. முடித்ததும் மனசில் தைத்த ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வயலில் குனிந்திருக்கும்போது அது கூடவே வரும்.

எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு எழுத்தே தெரியாத ஒரு பாட்டி வருகிறார். போன வாரம் என்ன வாசித்தோம் என்று கேட்டால் படித்தவர்கள் எல்லாம் பக்கத்தைப் புரட்டுவார்கள். பாட்டி, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். வாரம் முழுக்க ஆட்டை ஓட்டிக்கொண்டு அதையே அசைபோட்டிருப்பார் போல.

மாற்கு 4:26 முதல் மூன்று நான்கு வசனங்களை வாசித்துப் பாருங்கள். விதையைப் போட்டவன் இரவில் தூங்குகிறான், பகலில் விழித்திருக்கிறான், அவனுக்குத் தெரியாமலே பயிர் முளைத்து வளர்கிறது. திருத்துறைப்பூண்டிக்காரருக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு வருஷத்தில் முழு வேதாகமம் என்று போனில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியும் உற்சாகமாக ஆரம்பிப்பேன். பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வந்ததும் நின்றுவிடும். அடுத்த ஜனவரியில் மறுபடி ஆதியாகமம். எனக்கு மட்டும்தான் இப்படியா?
ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்

இல்லை தம்பி, லேவியராகமத்தில் நின்ற வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் கும்பகோணத்திலிருந்து மாயவரம் வரை நிற்கும். பலர் அதற்கு முன்னாலேயே, யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும் இடத்தில் இறங்கிவிடுவார்கள்.

வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். அதை ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் வாசிக்க வேண்டும். செமஸ்டர் பரீட்சை நடுவில் நாலு நாள் விட்டால் செயலி பன்னிரண்டு அதிகாரம் பாக்கி என்று காட்டும். கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். அப்புறம் யார் திறப்பார்கள்?

இந்த ஜனவரியில் மாற்கு சுவிசேஷத்தை எடு. 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷங்களில் சிறியது. வாரம் ஒன்று என்றால் ஏப்ரலில் முடிந்துவிடும். இயேசுவின் பாடுகளும் உயிர்த்தெழுதலும் வருகிற 14, 15, 16-ம் அதிகாரங்களை ஈஸ்டரை ஒட்டி வாசித்துக்கொண்டிருப்பாய். வேகம் பிடித்த பிறகு கணக்குப் பார்க்க ஆசையாக இருந்தால், புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடியும். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க. லேவியராகமத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எபிரெயர் நிருபத்தை வாசித்துவிட்டு அங்கே போ, அந்தப் பலிகள் எல்லாம் எதற்கு என்று பிடிபடும்.

கேள்வி: எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு குடும்பத்தோடு திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். புதுவருஷ ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. வருஷம் முடியப் போகிறது. கடன் அடையவில்லை, ஊருக்கும் திரும்ப முடியவில்லை. என் விசுவாசம்தான் குறைவா?
பெயர் வேண்டாம் என்று எழுதிய சகோதரி

உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருந்தது.

அது எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து எடுத்த வசனம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். ஊர் விட்டு ஊர் போய்க் கிடந்த அந்த ஜனங்களுக்கு, எப்போது வீடு திரும்புவோம் என்பது ஒன்றுதான் கேள்வி. இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி அடித்துச் சொன்னான் (28-ம் அதிகாரம்). கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அது பொய் என்று எரேமியா சொன்னார். பிறகு எழுதிய கடிதத்தில் எழுபது வருஷம் ஆகும் என்றார். அதுவரை? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். அதோடு 7-ம் வசனம், அந்தப் "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்" என்கிறது. இத்தனைக்கும் பிறகுதான் உங்கள் அட்டையில் வந்த 11-ம் வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

டிசம்பர் 31-க்குள் நடக்கும் என்று அந்த வசனத்தில் எங்கேயும் கெடு இல்லை. கெடு வைத்தது நாம். வருஷத்துக்கு ஓர் அட்டை, அந்த வருஷத்துக்குள் பலன் என்று பழகிவிட்டோம். இதைச் சொன்னால் சபையில் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும். அட்டையை எடுக்காதீர்கள் என்று நான் யாரையும் தடுப்பதில்லை. எடுத்தவர்கள் அந்த வாரமே அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு ஞாயிறு 28-ம் அதிகாரம், அடுத்த ஞாயிறு 29. வாசித்துவிட்டு திருப்பூருக்காக ஜெபியுங்கள். நீங்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரர்களுக்காக, கம்பெனிக்கு ஆர்டர் வருவதற்காக, ஷிப்ட் முடிந்து ராத்திரியில் திரும்புகிற பெண்களுக்காக, சாயத் தண்ணீர் கலந்த நொய்யலுக்காக. வேதாரண்யத்துக்குத் திரும்புகிற ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை, அதையும் கேளுங்கள். பாபிலோனில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அழுகை வருகிற நாளில் 13-ம் சங்கீதத்தை எடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. தாவீதின் பேரில் உள்ள சங்கீதம் அது. அவரே இப்படிக் கேட்கலாம் என்றால் நீங்களும் தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: வீட்டு ஜெபக்கூட்டத்தில் மற்றவர்கள் மடை திறந்த மாதிரி ஜெபிக்கிறார்கள். என் முறை வந்தால் "ஆண்டவரே, உதவி செய்யும், ஆமென்" என்பதோடு முடிந்துவிடுகிறது. நீளமாக ஜெபிக்க எப்படிப் பழகுவது?
ஒரு வாசகி, நாகப்பட்டினம்

நீளம் எதற்கு? அஞ்ஞானிகளைப் போல வீண்வார்த்தைகளை அலப்பாதீர்கள் என்று மத்தேயு 6:7-ல் ஆண்டவர் சொன்னார், சொன்ன கையோடு கற்றுக்கொடுத்த ஜெபம் ஒரே மூச்சில் சொல்லிவிடக் கூடியது. அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்துக்கொண்டான். கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார், சாமுவேல் பிறந்தான்.

சரி, வார்த்தை வரவில்லை என்கிற தவிப்பு உண்மையானது. அதற்கு வாசிப்புதான் மருந்து. பலர் வாசிப்பைத் தனியாகவும் ஜெபத்தைத் தனியாகவும் வைத்திருக்கிறார்கள். வேதத்தை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, என்ன சொல்வது என்று தேடுகிறார்கள். மூடாதீர்கள். திறந்த பக்கத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.

நாங்கள் மாற்கு 4-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். கடலில் சுழல்காற்று, படவுக்குள் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்கிறார்கள். மீனவர் தெருவிலிருந்து வருகிற அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "இது ஜெபம் இல்ல டீச்சர், இது சண்டை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் வீட்டில் சுனாமி எடுத்துக்கொண்டது உண்டு. அன்றைக்கு ஜெபம் செய்ய அவர் முறை வந்தபோது அந்த ஒரு வரியைத்தான் சொன்னார், கூடவே தன் பேரனின் பெயரையும் சொல்லி அவன் போகிற போட்டைப் பார்த்துக்கொள்ளும் என்றார். அவ்வளவுதான். அதைவிட நல்ல ஜெபம் எங்கள் திண்ணையில் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நீங்களும் அப்படிச் செய்யலாம். வாசித்த பகுதியில் ஒரு வரி, அதோடு உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயர். அதுவும் வராத நாளில் ரோமர் 8:26 இருக்கிறது. என்ன வேண்டுவதென்றே நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதியிருக்கிறார்.

கேள்வி: பழைய மொழிபெயர்ப்பா, புதியதா?
ஒரு வாசகர், மன்னார்குடி

மனப்பாடம் செய்யப் பழையது, பவுலின் நீண்ட வாக்கியங்களில் மூச்சு முட்டும்போது புதியது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்க அறிஞர்களும் நம் புராட்டஸ்டண்ட் சபையாரும் சேர்ந்து செய்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும், சபைப் போதகரான ஐயரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவில் வாரம் ஒருநாள் சேர்ந்து வாசிக்க ஆசை. எப்படித் தொடங்குவது? எத்தனை பேர் வேண்டும்?
இரண்டு சகோதரிகள், பேராவூரணி

நீங்கள் இருவர் இருக்கிறீர்களே, போதும். நாளை மாற்றாதீர்கள், நேரத்தை வேண்டுமானால் அறுவடைக் காலத்தில் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து வசனமாகச் சுற்றி வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் அவரைக் கடைசியில் "நீங்க என்ன கேட்டீங்க?" என்று சொல்லச் சொல்லுங்கள். யாரும் பிரசங்கம் பண்ணக் கூடாது, முக்கியமாக நன்றாகப் பேசத் தெரிந்தவர். புரியாத வசனத்தை எழுதி வைத்து ஐயரிடமோ உபதேசியாரிடமோ கேளுங்கள். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், ஆட்கள் மறுவாரமும் வருவார்கள்.

இன்னொன்று, சாப்பாட்டு விஷயம். வீட்டுக்கு வீடு மாற்றிக் கூடினால் முதல் வாரம் டீ, இரண்டாம் வாரம் டீயும் பிஸ்கட்டும், நாலாவது வாரம் கேசரி, பஜ்ஜி என்று ஏறும். வசதி இல்லாத வீட்டுக்காரர் தன் முறை வருவதற்குள் ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவார். நல்ல கூட்டங்கள் இப்படித்தான் கலைந்திருக்கின்றன. அதனால் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்: டீ மட்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வேண்டுமானால் முறுக்கு.