டர்பனில் தமிழ்ப் புத்தகம் போடுவது எப்படி? கேள்வி பதில்

சென்னையில் பதினோரு வருடம் டிடிபி (கணினியில் பக்கம் அமைப்பது), மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது), அச்சக வேலை பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கோயில் மலர், கவிதை, குடும்ப வரலாறு என்று கைக்கு வந்ததையெல்லாம் புத்தகமாக்கிக் கொண்டிருக்கிறேன். புத்தகம் போட நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டாம், அது என் வேலை இல்லை.

கேள்வி (வெருலம்): ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தர அச்சகத்தில் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தின் அடையாள எண். பிரிட்டோரியாவில் இருக்கும் தேசிய நூலகம் அதை இலவசமாகவே தருகிறது. உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். அச்சகத்தின் எண்ணைப் போட்டால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்களாகிவிடுவார்கள். அச்சுப் பிரதிக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண்.

கேள்வி (பிரிட்டோரியா): என் நாவலைப் போடச் சென்னைப் பதிப்பகம் ஒன்று சம்மதித்திருக்கிறது. ஆனால் நான் பணம் கட்ட வேண்டுமாம், 300 பிரதி போடுவார்களாம். ஒப்பந்தமும் வந்துவிட்டது. கையெழுத்துப் போடலாமா?

இன்று போடாதீர்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பதிப்பகம் தன் பணத்தை முதலாகப் போட்டால் அவர்கள் பதிப்பாளர், உங்களுக்கு ராயல்டி வரும். தமிழில் வழக்கமாக விலையில் 10 சதவீதம் பேசுவார்கள். நீங்கள் முதல் போட்டால் பதிப்பாளர் நீங்கள்தான், அவர்கள் உங்களுக்கு வேலை செய்து தருகிறவர்கள். காசு கட்டிப் போடுவதில் குற்றமே இல்லை. ஆனால் காசும் உங்களுடையது, உரிமையும் அவர்களுடையது என்று எழுதியிருந்தால் அது அநியாயம்.

ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை எல்லாம் ஒரே வரியில் அள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த 300. மொத்தமாக அடித்துக் கட்டி வைக்கிறார்களா, ஆர்டர் வர வர அடிக்கிறார்களா? இரண்டாவது என்றால் 300 என்பது காகிதத்தில் இருக்கும் எண் மட்டும்தான். தவணையாகக் கட்டுங்கள், கடைசித் தவணையைப் பிரதிகள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் கோப்பு. பக்கம் வடிவமைத்த மூலக் கோப்பு உங்கள் கையில் வர வேண்டும், பிடிஎஃப் மட்டும் போதாது. இங்கே நான் செய்த முதல் புத்தகத்திலேயே இந்த அடி வாங்கினேன். 212 பக்கம். கோப்பு அச்சகத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடத்தில் அச்சகத்தை மூடிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரு பிடிஎஃப், அதுவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டியது. இரண்டாம் பதிப்புக்கு முதல் வரியிலிருந்து திரும்பத் தட்டச்சு செய்தோம். எழுதியவருக்கு அப்போது 78 வயது.

இன்னொன்று. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடக்கிறது. அதைக் குறிவைத்து டிசம்பரில் எல்லா அச்சகமும் திணறும். நவம்பரில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து ஜனவரியில் புத்தகம் கேட்டால் மெய்ப்பு பார்க்க ஆளிருக்காது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அண்ணா, என் மாமியார் நாற்பது வருடமாகக் கோயிலில் பாடிய முருகன் பாட்டுகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். புத்தகமாக்க ஆசை. ஆனால் என் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்திலேயே போட்டுவிடலாமா?

இரண்டு எழுத்திலும் போடுங்கள் அக்கா. ஆங்கில எழுத்தில் மட்டும் போட வேண்டாம். 'மலை' என்று நோட்டில் இருப்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். அதே ஐந்து எழுத்தை இங்கே மலை என்றும் படிப்பார்கள், மாலை என்றும் படிப்பார்கள், மழை என்றும் படிப்பார்கள். முருகன் பாட்டில் மூன்றுமே வரும். மாமியார் இருக்கும்வரை கேட்டுக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகளின் காலத்தில் யாரைக் கேட்பார்கள்?

கேள்வி (லெனேசியா): இதை நான் ஏற்கவில்லை. எனக்கு 24 வயது. தேவாரம் முழுக்க ஆங்கில எழுத்தில்தான் படித்தேன், காவடியில் பாடுகிறேன். அந்தப் புத்தகம் இல்லையென்றால் எனக்குப் பாட்டே கிடையாது. தமிழ் எழுத்துப் பக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் படிக்கப் போவதில்லை, காகிதச் செலவு மட்டும் இரட்டிப்பாகும்.

தம்பி, நீங்கள் பாடுவதே பெரிய விஷயம், அந்தப் புத்தகத்தை நான் குறை சொல்லவில்லை. செலவு கூடும் என்பதும் உண்மை. ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். நாலு ஃபாரத்தில் முடிவது எட்டு ஃபாரமாகும். ஆனால் செலவு இரட்டிப்பாகாது. அட்டையும் கட்டுமானமும் ஒருமுறைதான்.

கேள்வி (ஐசிபிங்கோ, ஓய்வுபெற்ற ஆசிரியை): ஆங்கில எழுத்து நம்மை என்ன செய்தது என்று தம்பி யோசிக்க வேண்டும். கப்பலில் வந்தவர்களின் பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். பெயருக்கு நடந்தது பாட்டுக்கும் நடக்க வேண்டுமா?

கேள்வி (லெனேசியா): டீச்சர், என் குடும்பப் பெயரே கோவெண்டர்தான். அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. அது எங்கள் பெயர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பெயர் இந்த மண்ணில் பிறந்த பெயர், அதைத் திருத்த யாருக்கும் உரிமையில்லை. பாட்டு வேறு. பாட்டை எழுதியவர் ஒரு சொல்லைத்தான் எழுதினார். அது மலையா மழையா என்பது படிப்பவர் முடிவு இல்லை.

தமிழ் அச்சு இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. டர்பனில் 1903-ல் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. 1906-ல் தமிழ், இந்திப் பகுதிகள் நின்றன. அந்த மொழிகளில் எழுதவும் அச்சுக் கோக்கவும் ஆள் அமையாததுதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இன்று ஈய அச்செழுத்தும் வேண்டாம், அச்சுக் கோப்பவரும் வேண்டாம், யூனிகோடு கைப்பேசியிலேயே இருக்கிறது. இத்தனை வசதி வந்த பிறகு நாமே எழுத்தை எடுத்துவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (நியூகாசில்): ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு எவ்வளவு ஆகும்?

மேலே முதல் பதில். இலவசம்.

கேள்வி (கேப் டவுன்): அமேசானில் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு போட்டால் அச்சுப் பிரதியும் கிடைக்குமா?

அவர்களுடைய சுயபதிப்புத் தளமான கேடிபி-யில் தமிழுக்கு மின்னூல் மட்டும்தான். அச்சுப் பிரதிக்கு உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்தைப் பிடியுங்கள். பதிவு செய்யும்போது வரும் வரிப் படிவத்தில் உங்கள் வரி எண்ணையும் சேர்த்து நிரப்புங்கள்; இல்லாவிட்டால் அமெரிக்காவில் விற்பதன் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். எழுத்தையோ அட்டையையோ ஏஐ உருவாக்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): கடையில் வைத்தால் எனக்கு என்ன மிஞ்சும்?

அலமாரி விலை 200 ரேண்ட் என்று வையுங்கள். 15 சதவீத வாட் வரி அந்த விலைக்கு உள்ளேயே இருக்கிறது, அதில் 26 ரேண்ட் போகும். மிச்சம் 174. கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்டால் 70 போகும். கைக்கு வருவது 104. அதில் அச்சுக்கூலியைக் கழியுங்கள். அதனால்தான் கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் நேரில் விற்கச் சொல்கிறேன். ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் எந்தக் கடைக்கும் வராது.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): என் கவிதைகளைப் படித்துப் பார்த்துச் சொல்வீர்களா?

மன்னிக்கவும். ஐசிபிங்கோ டீச்சரைக் கேளுங்கள்.

கேள்வி (டோங்காட்): புத்தகம் வந்த பிறகு அரசாங்கத்துக்குப் பிரதி கொடுக்க வேண்டுமாமே?

ஆமாம், 1997-ம் வருடச் சட்டப்படி ஐந்து வைப்பு நூலகங்கள் இருக்கின்றன. தேசிய நூலகத்தின் பிரிட்டோரியா, கேப் டவுன் வளாகங்கள், நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபொன்டேனில் ஒன்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒன்று. உங்கள் வீட்டுப் பிரதி தொலைந்தாலும் அங்கே இருக்கும். சந்தோஷமாகக் கொடுங்கள்.

கேள்வி (ரிச்சர்ட்ஸ் பே): ஐஎஸ்பிஎன்...

ஐயா, தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள். இன்று மூன்றாவது முறை. எண்ணைவிடக் கோப்பைப் பற்றிக் கேளுங்கள். மூலக் கோப்பு யார் கையில் இருக்கிறது?

கேள்வி (ஃபீனிக்ஸ்): அண்ணா, இரண்டு எழுத்திலும் போடுவதென்று மாமியாரும் சொல்லிவிட்டார். லெனேசியா தம்பி ஆங்கில எழுத்தைச் சரிபார்த்துத் தருகிறேன் என்கிறார். பாட்டுக்கெல்லாம் அனுமதி வேண்டுமா? பக்கத்தை எப்படி அமைப்பது?

தம்பிக்கு நன்றி. அருணகிரிநாதர் பாட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். புதிய பாட்டாக இருந்தால் எழுதியவர் மறைந்து இங்கே 50 வருடம், இந்தியாவில் 60 வருடம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கில எழுத்து, வரிக்கு வரி நேராக. தமிழ் எழுத்து 14 புள்ளி அளவுக்குக் குறைய வேண்டாம், மாமியார் கண்ணாடி இல்லாமல் படிக்கட்டும். பசை மட்டும் போட்டு ஒட்டினால் பாடும்போது புத்தகம் மூடிக்கொள்ளும், தைத்துக் கட்டச் சொல்லுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறவரிடம், தமிழ் எழுத்தைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் 'பெருமான்' என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், தமிழ் தெரியாதவர் கண்ணில் அது படவே படாது. முதல் ஃபாரத்தைக் காகிதத்தில் எடுத்து மாமியாரைப் பாடச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே பென்சிலால் கோடு போட்டு எனக்கு அனுப்புங்கள்.