மட்டைக் குவியலில் ஒரு சாரை

அன்புள்ள ஐயா,

கொல்லையில் தென்னை மட்டைகளைக் குவித்து வைத்திருந்தோம். வெந்நீர் அடுப்புக்காக ஒன்றை உருவியபோது, கை தடிமனில் ஒரு பாம்பு நெளிந்து வெளியே வந்தது. நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுப் பையன்கள் கம்போடு ஓடிவந்து அடித்துவிட்டார்கள். பிறகு வந்த பெரியவர், “இது சாரையாயிற்றே, விஷமே கிடையாதே” என்றார். அன்றிலிருந்து மனம் சரியில்லை. பாம்பைக் கண்டால் வேறு என்னதான் செய்வது?

வாசகி, உசிலம்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

அலறியதில் தவறே இல்லை. பையன்களையும் நான் குறை சொல்லமாட்டேன். பாம்பு என்றால் அடி என்பதைத் தவிர நாம் அவர்களுக்கு எதையும் சொல்லித் தரவில்லை.

போன ஐப்பசியில் துவைக்கும் கல்லைச் சுற்றிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன். கல்லுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் ஒரு தலை உயர்ந்தது. கையில் துடைப்பம் இருந்தும் ஓங்கத் தோன்றவில்லை. பெரிய, உருண்டையான கண். உதட்டோரம் மையால் இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள். கழுத்தை உப்பிக்கொண்டு அடித்தொண்டையில் உறுமியது. அத்தனையும் பயத்தில்தான். நான் இரண்டடி பின்வாங்கியதும், மதில் ஓரமாக ஓடி வைக்கோல் போருக்குள் மறைந்தது. அங்கே எலி வளைகள் இருக்கின்றன. சாரை நம் வீட்டுப் பக்கம் வருவதே எலிக்காகத்தான்.

சாரை மாட்டு மடியில் பால் குடிக்கும் என்பார்கள். உறிஞ்சிக் குடிக்கும் வாய் அமைப்பே பாம்புக்குக் கிடையாது. சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பிணையும் என்பதும் கதைதான். பின்னிப் பிணைந்து எழுந்து நிற்பவை பெரும்பாலும் மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகள். சாரையைக் கொல்வது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆனால் எல்லாப் பாம்பும் சாரை அல்ல. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் ஊரில் உண்டு. அடையாளம் தெரியாவிட்டால் தள்ளி நின்று, அது போக வழி விடுங்கள். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை, சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினர் எடுத்துத் தருகிறார்கள். எடுத்த பிறகு அவர்கள் பாம்பைக் கொல்வதில்லை, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பையன்களிடம் இதைச் சொல்லுங்கள், கண்கள் விரியக் கேட்பார்கள்.

மட்டைகளைத் தரையில் குவிக்காமல், செங்கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள். இனி ஒன்றை உருவும் முன் கம்பால் நாலு தட்டுத் தட்டுங்கள். அதிர்வை உணர்ந்து, உள்ளே இருப்பது தானே நகர்ந்து போக நேரம் கிடைக்கும்.