கட்டி ஜெபித்தும் இறங்காத சீனி

அன்புள்ள அண்ணா,

என் கணவருக்கு நாலு வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). சபையில் ஒரு சகோதரி லூக்கா 10:19ஐ வாசித்துக் காட்டி, “அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. கெஞ்சாதீர்கள், கட்டளையிடுங்கள்” என்றார். மூன்று மாதம் காலையும் மாலையும் வருத்தத்தின் ஆவியைக் கட்டி ஜெபித்தேன். போன கிழமை கிளினிக்கில் சீனி 240 காட்டியது. “மருந்து குடிப்பதே அவிசுவாசம்” என்கிறார் இப்போது அந்தச் சகோதரி. என் விசுவாசம்தான் குறைவா? மருந்தை நிறுத்தவா?

வாசகி, மட்டக்குளி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மருந்து. நிறுத்தாதீர்கள். இன்றிரவு மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள், மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம். சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம் தருகிறேன் என்ற அந்த வசனத்தை எழுதி வைத்த லூக்காவே ஒரு வைத்தியர். பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது அவரை “பிரியமான வைத்தியன்” என்கிறார்.

அடுத்த வசனத்தையும் அந்தச் சகோதரி வாசித்திருக்கலாம். ஆவிகள் கீழ்ப்படிகின்றன என்று துள்ளிக்கொண்டு வந்தவர்களிடம், அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள் என்கிறார் இயேசு. ‘கட்டுகிறேன்’ என்பதும் அப்படித்தான். அந்தக் காலத்து யூத ரபிமார் பேச்சில் கட்டுவது என்றால் தடை செய்வது, கட்டவிழ்ப்பது என்றால் அனுமதிப்பது. மத்தேயு 18இல் அந்தச் சொல் வருவது, குற்றம் செய்த சகோதரனிடம் எப்படிப் பேசித் தீர்ப்பது என்ற இடத்தில். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்பதும் அதை ஒட்டித்தான். நோயைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

பொலிஸ்காரர் உதாரணம் கேட்டிருப்பீர்கள். கை காட்டினால் லொறி நிற்கும், அது அவருடைய பலமல்ல, மேலே இருந்து வந்த அதிகாரம் என்பார்கள். சரி. ஆனால் ஆமர் வீதிச் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரர் துறைமுக லொறியை நிறுத்தலாமே தவிர, “அரிசி மூட்டையை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போ” என்று சொல்ல முடியாது. சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

கப்பர்நகூம் நூற்றுக்கு அதிபதியைப் பாருங்கள். நூறு படைவீரரை ஏவுகிறவன், “நானும் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன்” என்று தன்னைச் சொல்கிறான். வருத்தத்துக்கு அவன் கட்டளையிடவே இல்லை. வேலைக்காரனுக்காக ஆண்டவரை வேண்டிக்கொள்கிறான். உங்கள் சகோதரியின் கணக்கில் அது கெஞ்சல். இஸ்ரவேலில் இப்படி ஒரு விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு சொன்னது அவனைப் பற்றித்தான்.

நான் கண்ணால் பார்த்த அதிகாரம் ஒரு பிஸ்கட் டின்னின் மேல் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு. சீட்டுக் காசை அம்மா அந்த டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். ஒரு சம்பள நாள், சம்பளத்தைக் குடித்து முடித்துவிட்டு வந்த அப்பா அந்த டின்னை எடுக்கப் போனார். அம்மா அடுப்படியில் இருந்து எழும்பி வந்து மூடியின் மேல் கையை வைத்தார். விரலெல்லாம் தேங்காய்ப் பூ. “இது புள்ளைங்க ஸ்கூல் காசு. இயேசப்பா பேரச் சொல்றேன், தரமாட்டேன்.” பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. அப்பா கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். அன்றைக்கே திருந்தினார் என்று எழுத ஆசைதான். வெளியே கடன் வாங்கிக் குடித்தார். குடியை விட்டது பதினொரு வருடம் கழித்து. அப்பாவின் மனது அம்மாவின் கைக்குக் கீழே இருக்கவில்லை, டின் இருந்தது.

விசுவாசம் குறைவா என்கிறீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசைக்கு நின்றவர்களும், மட்டக்களப்பு சீயோன் சபையில் ஞாயிறுப் பாடசாலை முடிந்து முற்றத்துக்கு வந்த பிள்ளைகளும் குண்டு வெடித்துச் செத்துப் போனார்கள். அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த வாய் சொல்லும்? பவுலும் தன் உடம்பில் முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டினார். முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது.

ஜெபத்தை விடாதீர்கள். உங்கள் கணவருடைய தேத்தண்ணியில் சீனியையும் குறையுங்கள். அந்தச் சகோதரி அடுத்த முறை மருந்துப் பேச்சை எடுத்தால், “அக்கா, எங்களுக்காக ஜெபியுங்கள், மருந்தைப் பற்றி மட்டும் இனிக் கதைக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும். அடுத்த கிளினிக் முடிந்ததும் எழுதுங்கள்.