எண்டோஸ்கோப்பிக்குப் பதிலாகக் கேமரா மாத்திரை விழுங்கினால் போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு ரத்த சோகை. எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டிலும் ஒன்றும் இல்லை. இப்போது கேப்சூல் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா மாத்திரை விழுங்கும் பரிசோதனை, செய்யச் சொல்கிறார்கள். முதலிலேயே இதைச் செய்திருந்தால் குழாய் விட்ட அவஸ்தை மிச்சமாகியிருக்குமே?

மிச்சமாகியிருக்காது. ரத்த சோகைக்குக் காரணமாக உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்றுதான் தேடுகிறார்கள். வாய்வழிக் குழாய் சிறுகுடலின் தொடக்கம் வரை போகும். ஆசனவாய் வழிக் குழாய் பெருங்குடலைத் தாண்டி, சிறுகுடலின் கடைசி முனையை எட்டிப் பார்க்கும். நடுவே பல மீட்டர் நீளச் சிறுகுடல் அப்படியே பார்க்கப்படாமல் கிடக்கிறது. கேப்சூல் அந்த இடைவெளிக்காக வந்தது. இஸ்ரேலில் ஏவுகணைப் படக்கருவிகளில் வேலை செய்த பொறியாளர் கவ்ரியேல் இட்டானின் யோசனை அது. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. இரைப்பை அகலமான பை. அதில் கேப்சூல் தன் போக்கில் உருளும், நாம் நினைத்த பக்கம் திருப்ப முடியாது. பயாப்சி (சோதனைக்கான திசுத் துண்டு) எடுக்காது, ரத்தக்கசிவை நிறுத்தாது. அதனால் குழாய்ப் பரிசோதனை இரண்டும் முதலில் நடந்ததுதான் முறை.

கேப்சூல் சுமார் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. தடிமன். வைட்டமின் மாத்திரையை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே கேமரா, சின்ன விளக்குகள், பேட்டரி, அலைபரப்பி. வழக்கமான வகை விநாடிக்கு 2 முதல் 6 படம் எடுத்து, இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பும். எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் படங்கள். தேடுகிற புள்ளியோ, புடைத்துச் சிவந்த ஒரு ரத்தக்குழாய், கடுகளவுதான் இருக்கும். சில சமயம் ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு நுரைக்குமிழியோ மலத்துணுக்கோ மறைத்துவிட்டால் போச்சு.

ஆகவே தயாரிப்பில் அசட்டை வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே, டாக்டரிடம் சொல்லி, நிறுத்துங்கள். ரத்த சோகைக்காரர்கள் பலரும் அதைச் சாப்பிடுவார்கள். அது குடல் சுவரில் கறுப்பாய்ப் படிந்து படத்தைக் கெடுக்கும். முந்தின நாள் தெளிவான நீராகாரம் மட்டும். பேதி மருந்துக் கரைசல், பெரும்பாலும் 2 லிட்டர், மீதம் வைக்காமல் குடிக்க வேண்டும். விழுங்குவதற்குச் சற்று முன் நுரை அடங்க சிமெதிகோன் தருவார்கள். விழுங்கியபின் இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர், நான்கு மணி நேரம் கழித்து லேசான சாப்பாடு. இட்லி போதும்.

அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரைப்பை மெதுவாக வேலை செய்பவர்களுக்குக் கேப்சூல் அங்கேயே மணிக்கணக்கில் நின்று, சிறுகுடலை முடிக்கும் முன் பேட்டரி தீர்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து நேரலைத் திரையில் பார்த்து, இன்னும் இரைப்பையில் இருந்தால் அதைத் தள்ளிவிடும் மருந்து கொடுப்பார்கள்.

முக்கியமான ஆபத்து ஒன்று: குடல் சுருங்கிய இடத்தில் கேப்சூல் மாட்டிக்கொள்வது. பொதுவாக நூறில் ஒருவர் இருவருக்கு நேரும். க்ரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), வயிற்றில் கதிர்வீச்சு, வருடக்கணக்கில் வலி மாத்திரை, நம் ஊரில் குடல் காசநோய், இவற்றில் ஏதாவது இருந்தால் ஆபத்து கூடும். சாப்பிட்டதும் வயிறு முறுக்கி வலித்து, வாந்தி எடுத்து, பிறகு அடங்குகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் சிடி என்டரோகிராஃபி (சிறுகுடலைக் காட்டும் சிடி ஸ்கேன்), அல்லது உள்ளேயே கரைந்துவிடும் சோதனைக் கேப்சூல் முதலில் வேண்டும். நேரடியாக விழுங்கச் சம்மதிக்காதீர்கள்.

ரத்தம் கசியும் இடம் தெரிந்தால், பலூன் கட்டிய நீளக் குழாயால் அங்கே போய்ச் சுட்டு அடைப்பார்கள். வாய் வழியா, ஆசனவாய் வழியா என்பதை, கேப்சூல் சிறுகுடலுக்குள் நுழைந்து எவ்வளவு நேரத்தில் அந்த இடத்தைக் கடந்தது என்பதை வைத்து முடிவு செய்வார்கள்.

பயம் குழாயைப் பற்றியது மட்டும் என்றால், அடுத்த தடவை இரைப்பை பார்க்க மூக்கு வழியாகப் போகும் மெல்லிய எண்டோஸ்கோப் இருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமானது 9 மி.மீ.க்கு மேல், இது 5 முதல் 6 மி.மீ. குமட்டல் குறைவு, பேசவும் முடியும். பயாப்சியும் எடுக்கலாம், துண்டுதான் சிறியதாக வரும்.

கேப்சூல் மலத்தோடு வெளியே போனதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். அதுவரை எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்குள் போகவே கூடாது. இரண்டு வாரத்துக்குள் தென்படவில்லை என்றால் வயிற்றுக்கு ஓர் எக்ஸ்ரே. இடையில் வயிற்று வலியோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.