பியானோ அடைத்தாற்போல் கேட்டால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: புதிதாக ஜாஸ் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்', மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்று இரண்டு சிடி வாங்கினேன். முதலாவதில் சாக்ஸபோன் முகத்துக்கு நேரே ஊதுகிறது, பியானோ மட்டும் பெட்டிக்குள் அடைத்தாற்போல் இருக்கிறது. இரண்டாவதில் எல்லாமே தாராளமாகக் கேட்கிறது. கடைக்காரர், "ஸ்பீக்கர் சரியில்லை, நாற்பதாயிரத்தில் புதுசு இருக்கிறது" என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஸ்பீக்கரில் கோளாறு என்றால் இரண்டு சிடியிலும் பியானோ அடைத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்பது ஒலிப்பதிவின் வித்தியாசம். இரண்டிலும் கோல்ட்ரேன் ஊதுகிறார், பால் சேம்பர்ஸ் பாஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கிறார். முக்கியமாக அறையும் மைக் வைத்த விதமும்தான் வேறு.

'ப்ளூ ட்ரெயின்' 1957இல் நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டு ஹாலில் பதிவு செய்தது. அவருக்குப் பகலில் கண் பரிசோதனை வேலை. ஹால் சிறியது, மைக்கை வாத்தியத்துக்கு ஒட்டியே வைப்பார். ஊதுகிறவரின் மூச்சுகூடக் கேட்கும். பியானோவுக்கு இது ஒத்துவராது. அதன் பலகை முழுவதிலிருந்தும் வரும் நாதம் கலக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். மைக் நெருங்கினால் ஒரு பகுதிதான் பிடிபடும். எனக்கு அந்த இறுக்கம் ரொம்பப் பிடிக்கும், பிடிக்காதவர்களும் நிறைய உண்டு.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் நியூயார்க் 30ஆம் தெருவில் பதிவானது. கொலம்பியா நிறுவனத்தின் அந்த ஸ்டுடியோ முன்பு தேவாலயம், கூரை மிக உயரம். கல்பாத்தி வீட்டுத் திண்ணையில் சாதகம் செய்யும் மிருதங்கமும் கல்மண்டபத்தில் வாசிக்கும் மிருதங்கமும் ஒரே மாதிரியா கேட்கும்?

இரண்டு சிடியையும் கடைக்கு எடுத்துப்போய் அந்தப் புது ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். 'ப்ளூ ட்ரெயின்' பியானோ அங்கேயும் கொஞ்சம் அடைத்துத்தான் கேட்க வேண்டும். பளிச்சென்று கேட்டால் அது ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் சத்தங்களை, தூக்கிக் காட்டும் ஸ்பீக்கராக இருக்கலாம். நாலு பாட்டு போனால் சிம்பல் சத்தம் காதைக் குத்தும்.

அப்புறம், சிடி வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் மூன்று பாட்டுகளைப் பதிந்தபோது டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு சற்று வேகமாகப் போகும், அதனால் பழைய பதிப்புகளில் சுருதி லேசாக ஏறியிருக்கும். 1990களின் மறுபதிப்புகளில்தான் அதைச் சரிசெய்தார்கள். பழைய சிடி மலிவாகக் கிடைத்தால் உறையில் வருடத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள்.