கருகிய மாஸ்ஃபெட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

24 வோல்ட் சப்ளையில் எல்எம்5069-2 போட்டிருக்கிறேன்; மாஸ்ஃபெட் என்ற மின் ஸ்விட்ச் வழியாகக் கரண்டைக் கட்டுப்படுத்தி, நீடித்தால் அதை அணைத்துவிடும் ஹாட்-ஸ்வாப் சிப் அது. அணைக்கும்வரை எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைத் தீர்மானிக்கும் டைமர் கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபேரட். ஒரு டிரைவர் கார்டு மட்டும் ஆன் ஆனால் 3 மில்லிசெகண்ட் கரண்ட் லிமிட்டில் நின்று சரியாகிவிடுகிறது. 30 மில்லிசெகண்ட் கழித்து இரண்டாவது கார்டும் ஆன் ஆனால் ட்ரிப், சிப் சப்ளையை வெட்டிவிடுகிறது. டைமர் பின்னில் ஆசிலோஸ்கோப்பின் 1எக்ஸ் ப்ரோபை வைத்தால் ட்ரிப்பே ஆவதில்லை! கெபாசிட்டரை 1 மைக்ரோஃபேரட் ஆக்கினேன், பிரச்சினை தீர்ந்தது. டாண்டலம் நல்லதா, செராமிக் நல்லதா?

தம்பி,

டாண்டலமா செராமிக்கா என்பது கிடக்கட்டும். அந்த 1 மைக்ரோஃபேரடை இன்றே கழற்றுங்கள்.

போன வாரம் பழைய டப்பாவைக் குடைந்தபோது ஒரு மாஸ்ஃபெட் அகப்பட்டது. முதுகில் மிளகளவு ஓட்டை. 23 வயதில் நானும் உங்களைப் போலவே கெபாசிட்டரைப் பெருக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் ஷார்ட் வந்தது. அறை முழுக்கக் கருகல் வாடை. சீனியர் அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "இதுக்கு எவ்வளவு நேரம் சுடும்னு கணக்குப் போட்டியா?" என்றார்.

நீங்கள் போட்டீர்களா? ஃபால்ட் வந்ததும், அதாவது கரண்ட் லிமிட்டைத் தொட்டதும், சிப் 85 மைக்ரோஆம்ப் விட்டு அந்தக் கெபாசிட்டரை ஏற்றுகிறது. 4 வோல்ட் தொட்டால் மாஸ்ஃபெட்டின் கேட் அணையும். 0.1-க்கு 4.7 மில்லிசெகண்ட். 1-க்கு 47. அந்த நேரம் முழுக்கச் சூட்டைத் தாங்குவது மாஸ்ஃபெட்தான். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பை எவ்வளவு நேரம் தாங்கும் என்று காட்டும் அதன் எஸ்ஓஏ வரைபடத்தைப் பார்க்காமல் பத்து மடங்கு நீட்ட எப்படி மனம் வந்தது?

ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள், இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. ஃபால்ட் நீங்கியபின் அதை இறக்குவது வெறும் 2.5 மைக்ரோஆம்ப். உங்கள் முதல் கார்டு 2.55 வோல்ட் ஏற்றிவிட்டுப் போகிறது. 30 மில்லிசெகண்டில் முக்கால் வோல்ட்தான் வடியும். மிச்சம் 1.8. அதன்மேல் ஏறும் இரண்டாவது கார்டு 2.6 மில்லிசெகண்டிலேயே 4 வோல்ட்டைத் தொடுகிறது. இது கோளாறே இல்லை தம்பி. மாஸ்ஃபெட்டும் இன்னும் ஆறியிருக்காது. அது ஆறட்டும் என்றுதான் இவ்வளவு மெதுவாக இறக்குகிறார்கள்.

ப்ரோபைக் கவனித்து எழுதினீர்களே, அதற்காகவே உங்களைக் கட்டிக்கொள்ளலாம். 1எக்ஸ் ப்ரோப் ஒரு மெகாஓம். 2.5 வோல்ட்டில் சிப் இழுக்கும் அளவுக்கு அதுவும் இழுக்கிறது, இரட்டை வேகத்தில் வடிகிறது, அதனால்தான் ட்ரிப் ஆகவில்லை. பின்னைச் சுற்றி சாலிடர் ஃப்ளக்ஸ் அழுக்கு இருந்தாலும் இதே கதிதான். ஆறும் நேரம் குறையும், சிப் தானாக மறுபடி ஆன் செய்து பார்க்கும் ரீட்ரை சீக்கிரம் வரும். ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) போட்டு நன்றாகத் துடையுங்கள்.

0.1-ஐத் திரும்பப் போட்டு, இரண்டாவது கார்டை 150 மில்லிசெகண்ட் தள்ளி ஆன் செய்யுங்கள். ப்ரோபை 10எக்ஸுக்கு மாற்றுங்கள். அதுவும் 4 வோல்ட்டில் 0.4 மைக்ரோஆம்ப் இழுக்கும், கணக்கில் சேருங்கள். டைமர் பின் அலைவடிவத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.