வாசகர் கேள்விகள்: டிவில பார்த்த ஹாட் ஹேட்ச், ரோட்ல ஓட்டற ஹாட் ஹேட்ச்

கேள்வி: சார், டாப் கியர்ங்கற பிபிசி கார் ஷோல 2013ல அதோட தொகுப்பாளரா இருந்த ஜெரமி கிளார்க்சன் ஃபோர்டு ஃபோக்கஸ் எஸ்டி, வாக்ஸால் ஆஸ்ட்ரா விஎக்ஸ்ஆர், ரெனோ மெகான் 265 மூணு ஹாட் ஹேட்சையும் (சாதா குடும்ப ஹேட்ச்பேக்ல சக்திவாய்ந்த இன்ஜின் வெச்ச வண்டி) வெச்சு ஒரு ஒப்பீடு பண்ணாரே, அதை திரும்ப பார்த்தேன். சிரிப்புக்கு குறையே இல்ல. ஆனா முடிஞ்சதும் காசு குடுத்து வாங்கறவன் எதை வாங்கணும்னு எனக்கு ஒண்ணும் விளங்கல. ட்ராக்ல டயர் புகைய சுத்தி காட்டறது ஹாட் ஹேட்சுக்கு பண்ற அநியாயம்னு தோணுது, நீங்க என்ன சொல்றீங்க?
– வாசகர், ஈரோடு

பதில்: பாதிக்கு நான் உங்க கட்சி. டாப் கியர் ட்ராக் இருந்தது இங்கிலாந்துல சர்ரே பக்கம் டன்ஸ்ஃபோல்டுங்கற பழைய விமானதளத்துல, இரண்டாம் உலகப்போர் சமயத்துல போட்டது, தரை கேரம்போர்டு மாதிரி தட்டை, சுத்தியும் வெட்டவெளி, வளைவுல விட்டுட்டா புல்லுல போய் நிப்பீங்க, அவ்ளோதான். ஹாட் ஹேட்சோட சொந்த ஊர் அது இல்லையே! அதோட சொந்த ஊர் இங்கிலாந்து கிராமத்து ரோடு, அது எப்படின்னா ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு வேலிச்செடி, நடுவுல ஒட்டுப்போட்ட தார், திரும்பினா எதிர்ல டிராக்டர். அங்க போய் எத்தனை குதிரைசக்தின்னு யார் கேக்கறாங்க, சஸ்பென்ஷன் மேடுபள்ளத்தை எப்படி வாங்கிக்குது, பிரேக் எவ்ளோ நம்பிக்கை குடுக்குது, அதான் கேள்வி. ஷோல ஹெல்மெட் கழட்டாம ஓட்டற டிரைவர் ஸ்டிக் எடுக்கற லேப் டைம்ல இதெல்லாம் தெரியாது.

ஆனா ட்ராக் வேண்டவே வேண்டாம்னு சொன்னீங்கன்னா அங்க நான் ஒத்துக்க மாட்டேன். மூணுமே முன்சக்கரத்துல ஓடற வண்டி, 250 குதிரைசக்தியும் அதுக்கு மேலயும் முன்சக்கரத்துல கொட்டினா அதுவே இழுக்கணும் அதுவே திரும்பவும் செய்யணும், ரெண்டாவது கியர்ல முழுசா மிதிச்சா ஸ்டியரிங் கைல இருந்து பிடுங்கிக்கிட்டு ஒரு பக்கமா ஓடப் பார்க்கும், டார்க் ஸ்டியர்னு சொல்றது இதைத்தான். இதை மூணு கம்பெனியும் எப்படி சமாளிச்சாங்கங்கறதுலதான் அந்த ஒப்பீட்டோட சரக்கே இருக்கு. ஃபோர்டு 250ஓட நிறுத்திக்கிட்டாங்க, லிமிட்டெட் ஸ்லிப் டிஃப் (ஒரு சக்கரம் வெட்டியா சுத்தினா சக்தியை மத்த சக்கரத்துக்கும் அனுப்பற மெக்கானிக்கல் அமைப்பு) எதுவும் வைக்கல, உள்பக்க சக்கரம் வெட்டியா சுத்த ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் அதுக்கு மட்டும் லேசா பிரேக் பிடிக்கும். வாக்ஸால் 280 குடுத்துட்டு, அதுக்கு ஈடா நிஜமான லிமிட்டெட் ஸ்லிப் டிஃப் வெச்சு, ஸ்டியரிங் திரும்பற அச்சை ஸ்ட்ரட்ல (சக்கரத்தை தாங்கற சஸ்பென்ஷன் தூண்) இருந்து பிரிச்சு சக்கரத்தோட நடுவுக்கு கிட்ட கொண்டு வந்தாங்க, அச்சு கிட்ட வந்தா அந்த இழுப்பு குறையும். ரெனோவும் அதே வழிதான், அதுலயும் இறுக்கமான சஸ்பென்ஷனோட வர்ற கப் சேஸிஸ் எடுத்தா டிஃப் கூடவே வரும், அதோட டிராஃபி மாடல் 2011ல ஜெர்மனில நூர்பர்க்ரிங் ட்ராக்ல 8 நிமிஷம் 8 செகண்டுக்குள்ள சுத்தி முன்சக்கர வண்டிகள்ல ரெக்கார்டு வெச்சது. இந்த வித்தியாசத்தையெல்லாம் பொது ரோட்ல காட்ட முடியாது சார், காட்டினா லைசென்ஸ் போயிடும்.

என் கணக்குல ஓட்டறதுக்கு மெகான்தான், பேச்சே இல்ல. ஆனா வாங்கச் சொன்னா ஃபோக்கஸ். மத்த ரெண்டும் மூணு கதவு, இது அஞ்சு கதவு, டிக்கி நீண்ட எஸ்டேட் கூட இருந்துச்சு, அப்போ ஆரம்ப விலை 21,995 பவுண்டு, மத்த ரெண்டுக்கும் அதைவிட சில ஆயிரம் சேர்த்து வைக்க வேண்டியிருந்துச்சு. காலைல பசங்களை ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற வழில கொஞ்சம் ஆட்டம் போடறதுக்குத்தானே ஹாட் ஹேட்ச்? பின்சீட்டுக்கு ஆளை மடிச்சு அனுப்பணும்னா எதுக்கு அந்த வண்டி.

ஆமா, இந்த மாதிரி புகார் அவங்களுக்கும் புதுசு இல்ல. ஒழுங்கா கார் ரிவ்யூ பண்ணுங்கப்பான்னு கேட்டவங்களுக்கு பதிலா 2008ல கிளார்க்சன் என்ன பண்ணாரு தெரியுமா, சாதா ஃபோர்டு ஃபியஸ்டாவை ஒரு ஷாப்பிங் மால் உள்ள ஓட்டி பின்னாடி கார்வெட்ங்கற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணை துரத்த விட்டாரு, அப்புறம் ராயல் மரீன்ஸ் படையோட கடற்கரைல கொண்டுபோய் இறக்கினாரு. அவங்ககிட்ட போய் பின்சீட் இடம் பத்தி கேட்டா இதான் கிடைக்கும்!

கேள்வி: அந்த ஃபோக்கஸ் எஸ்டில உள்ள கேக்கற இன்ஜின் சத்தம் ஸ்பீக்கர்ல வர்ற டூப்புன்னு என் தம்பி சொல்றான், நிஜமா?
– வாசகி, மதுரை

பதில்: அந்த ஒப்பீட்டுல வந்த வண்டில அப்படி இல்ல. காத்து உள்ள போற குழாய்ல இருந்து ஒரு கிளை எடுத்து கேபின் பக்கம் விட்டிருக்காங்க, சத்தம் இன்ஜினோடதுதான், வழிதான் செயற்கை. இதுக்கு முந்தின எஸ்டில வால்வோகிட்ட இருந்து வந்த 2.5 லிட்டர் அஞ்சு சிலிண்டர் இருந்துச்சு, அதுலயும் இந்த மாதிரி குழாய் உண்டு. 2 லிட்டர் நாலு சிலிண்டருக்கு மாறினப்புறமும் ஃபோர்டு அந்த வழியை விடல.

கேள்வி: பழைய பீஜோ 205 ஜிடிஐ தான் எல்லாத்துக்கும் அப்பன்னு சொல்றாங்களே?
– வாசகர், நெல்லை

பதில்: அப்பன்னா 1976ல வந்த கோல்ஃப் ஜிடிஐ, 110 குதிரைசக்தி. 205 வந்தது 1984ல. ஆனா ருசின்னா 205 தான், ஒல்லி உடம்பு, பின்பக்கம் வெயிட்டே கிடையாது, அதனால வளைவு நடுவுல பயந்து ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா எடை சட்டுனு முன்னாடி சாய்ஞ்சு பின்சக்கரம் பிடி விட்டுடும், வண்டி பின்பக்கமா சுத்தி வேலிக்குள்ள போயிடும். தெரிஞ்சவன் அதையே வெச்சு வளைவை சீக்கிரம் திருப்புவான். இன்னைக்கு வண்டிகள்ல இதை இஎஸ்பிங்கற, வண்டி சறுக்காம தடுக்கற கம்ப்யூட்டர் பாத்துக்குது, உயிருக்கு நல்லது, டிவிக்கு கொஞ்சம் நஷ்டம்.

கேள்வி: நம்ம ஊர்ல இதெல்லாம் எப்போ சார்?
– வாசகர், சேலம்

பதில்: வந்துச்சு, யாரும் கவனிக்கல. 2016ல ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ வெறும் 99 வண்டி கொண்டு வந்தாங்க, 1.8 டர்போ, 192 குதிரைசக்தி, மூணு கதவு, விலை 25 லட்சத்துக்கு மேல, போலோவுக்கு இவ்ளோவான்னு கேட்டே பாதி பேர் ஓடிட்டாங்க. 2025ல கோல்ஃப் ஜிடிஐ வந்தப்போ 53 லட்சம், அதுக்கு ஆள் வரிசைல நின்னாங்க. நம்ம பட்ஜெட்டுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல செய்ற ஹூண்டாய் ஐ20 என் லைன் இருக்கு, 1 லிட்டர் டர்போ, 120 குதிரைசக்தி, ஹாட்னு சொல்ல மாட்டேன், வெதுவெதுப்பு. எடுத்தீங்கன்னா மேனுவல் கியரா பார்த்து எடுங்க.